உப்பு: தேவையான அளவு

'காலைத் தட்டு' பக்கத்தின் ஆசிரியர் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் எழுதிக்கொள்வது.

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வேறு எதைச் சொல்லி நலம் விசாரிப்பது என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவரையும் ஆசிரியர் என்கிறோம், பத்திரிகை நடத்துபவரையும் ஆசிரியர் என்கிறோம். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான், அடுத்தவர் எழுதியதில் தப்பைத் தேடுவது. அந்த உரிமையில், தங்கள் பக்கத்தில் நேர்ந்த ஒரு தப்பைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சண்டைக்கு வரவில்லை. அந்தத் தப்பைத் தாங்கள் இனிமேலும் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வந்திருக்கிறேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகும். மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காதவன் என்று எனக்குப் பெயர் உண்டு.

பிள்ளைகள் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. வானம் ஏன் நீலம், அறுந்த பல்லி வால் ஏன் துடிக்கிறது, கொட்டாவி எப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுகிறது, எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு விடையும் ஓர் எடுத்துக்காட்டும் இருந்தன. நான் விடை தெரியாமல் விழித்தது ஒரே ஒரு கேள்விக்குத்தான். அதைக் கேட்டவர் என் அண்ணன். அண்ணி இறந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள் காலை, ரொட்டியும் வாழைப்பழமும் வைத்த தட்டை அவர் முன்னால் வைத்தேன். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டேய் வாத்தி, மனுசன் காலையில எதுக்குடா சாப்பிடணும்?"

"ராத்திரி பூரா உடம்பு பட்டினி கிடக்குதுல்ல, அண்ணா. எடுத்துக்காட்டா, உங்க கிரேனையே எடுத்துக்குங்க. காலையில டீசல் ஊத்தாம கிளப்பினா..."

"கிரேனைத்தான் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சே. அதுக்கு அப்புறமும் எவன்டா டீசல் ஊத்துறான்?"

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, கீழே இருப்பவர்களோடு கத்தியே பேசிப் பழகியதால், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமும் கப்பலுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அண்ணி வீட்டிலேயே தையல் வேலை செய்தவர். அண்ணன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டைலர்!" என்றுதான் கூப்பிடுவார். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். அண்ணி போன பிறகு, மூட்டை முடிச்சோடு வந்து அண்ணனோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டு கிழவர்கள், ஒரு அடுப்பு, உறை போட்டு மூடிய ஒரு தையல் மெஷின். இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

அண்ணன் பட்டினி கிடக்கிறேன் என்று பிடிவாதம் எதுவும் பிடிக்கவில்லை. அப்படிப் பிடித்திருந்தால் நானும் பதிலுக்குப் பிடித்திருப்பேன். ஒரு வாய் தின்பார், மறந்துவிடுவார். கையில் எடுத்த ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே போனார். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் அண்ணனை எடை மெஷினில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "சார், காலைச் சாப்பாடுதான் முக்கியம். சத்தா இருக்கணும், தினம் வேற வேறயா இருக்கணும். சலிச்சுப்போனா சாப்பிட மாட்டாங்க. இன்னும் எடை இறங்கினா அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் கொடுக்கணும்" என்றார். அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "மூக்குல ருசி தெரியாதே டாக்டர், அதுக்கு எதுக்கு வேற வேறயா?" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவர் என்னையும் ஒரு பார்வை பார்த்து, "சார், நீங்களும் ஒரு தடவை ஏறுங்களேன்" என்றார். "எனக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வரவேற்பறை மேசையில் கிடந்த தங்கள் பத்திரிகையை நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். 'காலை உணவு: சத்து, சுவை, தினம் ஒரு புதுமை!' என்று அட்டையிலேயே போட்டிருந்தீர்கள். அந்த ஆச்சரியக்குறியை நம்பித்தான் ஐயா நான் இதில் இறங்கினேன்.

பாடத்திட்டம் இல்லாமல் ஒரு நாளும் வகுப்புக்குப் போகாதவன் நான். தங்கள் பக்கத்தைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி, அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன். முதலில் முட்டை. 'வேகவைத்த முட்டையில் மிளகால் கண்ணும் கேரட்டால் வாயும் வைத்தால் சாப்பிடுபவருக்கு உற்சாகம் வரும்' என்று எழுதியிருந்தீர்கள். வைத்தேன். கேரட் கொஞ்சம் வளைந்துபோனதால் முட்டை சிரிப்பதற்குப் பதிலாக உதட்டைச் சுழித்துக்கொண்டது. அண்ணன் அதை நெடுநேரம் பார்த்தார். "இவன் எதுக்குடா என்னையே பாக்குறான்?" என்றார். "சாப்பிடுங்க அண்ணா, புரதம்" என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முட்டையின் முகத்தை மூடிவிட்டு, "பாவம், போயிட்டான்" என்று சொல்லி எழுந்துவிட்டார். துக்க வீட்டில் முகத்தை மூடிய ஒரு தட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்றைக்கு எனக்கும் சாப்பிட மனசு வரவில்லை.

அடுத்து 'வானவில் தட்டு'. ஏழு நிறக் காய்கனிகளை அடுக்கச் சொல்லியிருந்தீர்கள். அறிவியல் பாடம் எடுத்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிவப்பில் ஆரம்பித்து வரிசை மாறாமல் அடுக்கிக்கொண்டே வந்து நீலத்தில் மாட்டிக்கொண்டேன். ஐயா, உலகத்தில் நீல நிறத்தில் சாப்பிடும்படியாக என்ன இருக்கிறது? காய்கறிக்காரரிடம் போய்க் கேட்டேன். "நீலமா? இங்க நீலமா எதுவும் ஆயிட்டா நாங்க கீழே கொட்டிடுவோம் சார்" என்றார். கடைசியில் பச்சைக்கும் ஊதாவுக்கும் நடுவில் இடம் விட்டு, அந்த இடத்தில் தட்டு தெரியும்படி வைத்தேன். தட்டு நீலத் தட்டு. அண்ணன் பார்த்துவிட்டு, "இந்த நீலத்தைத் திங்கணுமா, கழுவணுமா?" என்று கேட்டார். ஒரே ஒரு திராட்சையை மட்டும் எடுத்தார். அதையும் வாயில் ஒதுக்கிக்கொண்டு மெல்லாமலே ஜன்னல் பக்கம் போய்விட்டார். திராட்சை எப்போது உள்ளே போயிற்று, போயிற்றா என்றே எனக்குத் தெரியாது.

பிறகு கீரையும் வெள்ளரியும் அரைத்த பச்சைச் சாறு. மிக்ஸி மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று தாங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் பிடித்திருக்க மாட்டேன், ஏனென்றால் அந்தச் சமயத்தில் நழுவிக்கொண்டிருந்த பேன்ட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டில் இருந்த ஓட்டைகள் போதாமல் போய், வடிவியல் பெட்டியில் கிடந்த காம்பஸ் முள்ளால் புதிதாகக் குத்தியிருந்தேன், அதுவும் நிற்கவில்லை. சாறு கூரை வரைக்கும் போயிற்று. கூரையில் இன்றைக்கும் ஒரு பச்சைத் தீவு இருக்கிறது. அண்ணன் அண்ணாந்து பார்த்து, "லோடை அவ்வளவு மேல தூக்கினா இப்படித்தான்டா சிந்தும். மெதுவாத் தூக்கணும்" என்று தொழில்முறையில் ஆலோசனை சொன்னார். அதோடு அன்றைய காலை உணவு முடிந்தது.

இதற்கிடையில் மறுபடி எடை பார்க்கப் போனோம். மெஷினில் ஏறியதும் முள் கொஞ்சம் மேலேயே நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முட்டை முகம் வீண்போகவில்லை என்று நினைத்தேன். டாக்டரம்மா அண்ணனின் சட்டைப் பையை லேசாகத் தட்டினார். 'ணங்' என்றது. உள்ளேயிருந்து ஒரு ஸ்பேனர் வந்தது, பேன்ட் பையிலிருந்து இன்னொன்று வந்தது, அதன் பிறகு கைநிறைய நட்டும் போல்ட்டும். "என்ன சார் இது?" என்றார் டாக்டரம்மா. "வாத்தி ரொம்ப சிரமப்படறான்மா. அவனுக்கு மார்க் கொறைஞ்சிடுமேன்னுதான்" என்றார் அண்ணன். எல்லாவற்றையும் இறக்கிய பிறகு முள் பழைய இடத்துக்கும் கீழே போய் நின்றது. "அடுத்த தடவை வரும்போது பையில துணிமணி எடுத்துட்டு வந்துடுங்க. அட்மிஷனுக்கு" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து கடைசி முயற்சியாகத் தங்கள் 'விதை ரொட்டி'யைச் செய்தேன். நன்றாக வாட்டினால் மொறுமொறுப்பு கூடும் என்று எழுதியிருந்தீர்கள். கூடியது. முதல் கடியிலேயே அண்ணனின் பல் செட் இரண்டாக உடைந்தது. அரை செட்டை வாயிலும் அரை செட்டை ரொட்டியிலும் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். செட் சரியாகி வரும்வரை மெல்ல வேண்டியது எதுவுமே கூடாது என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். ஆக வானவில் போயிற்று, முட்டை போயிற்று, ரொட்டி போயிற்று. ஆணியில் தொங்கிய அட்டையில் எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஓட்ஸும் காயும் சேர்த்துக் குழைய வேகவைத்த கஞ்சி.

இப்போதுதான் ஐயா தங்கள் தப்புக்கு வருகிறேன். அந்தக் கஞ்சிக் குறிப்பில் ஓட்ஸ் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கேரட் எப்படி நறுக்குவது எல்லாம் இருந்தது. 'இறக்குவதற்கு முன்' என்று ஒரு வரி ஆரம்பித்தது. அங்கே பக்கம் முடிந்து, மிச்சம் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. நான்தான் கத்தரித்து அட்டையில் ஒட்டிவிட்டேனே! மறுபக்கம் பசைக்குள் இருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாததைச் சேர்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. அது என்ன வரி என்று நான் பிற்பாடு அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் பார்த்தேன். 'உப்பு, தேவையான அளவு'.

அந்தக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, நான் வழக்கம்போல அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடிவதில்லை. கரண்டி கிண்ணத்தில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு பழைய கப்பல் குரல்:

"டைலர்! உப்பு இல்ல!"

குழாயை மூடினேன். தையல் மெஷின் மேல் உறை அசையாமல் கிடந்தது. நான் கைக்குக் கிடைத்த உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு, சோப்பு நுரையோடு, வாசற்படியில் வந்து நின்றேன். அண்ணனுக்குத் தான் யாரைக் கூப்பிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். டப்பாவைப் பார்த்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இப்ப அவ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா, தெரியுமாடா?"

"தெரியும் அண்ணா. 'இன்னொரு தடவை கத்தினா வாயைத் தைச்சிடுவேன்.'"

"இரட்டைத் தையலு" என்றார் அண்ணன். "உக்காருடா."

உட்கார்ந்தேன். அவர் டப்பாவைத் திறக்கவில்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டார். அந்தக் கஞ்சியில் கடைசி வரைக்கும் உப்பே விழவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கிண்ணம் காலியாயிற்று. அண்ணி போன பிறகு அந்த வீட்டில் காலியான முதல் கிண்ணம் அது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எடுத்துக்காட்டாக ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் கரும்பலகையில் எல்லாவற்றையும் சரியாக எழுதினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஒரு எழுத்தைத் தப்பாக எழுதினால் வகுப்பே எழுந்து நின்று கத்தும். அண்ணனுக்கு அண்ணி சமையலில் குறை சொல்வதுதான் பசி. குறை சொல்ல ஆளும் இல்லாமல், குறையும் இல்லாமல், வானவில்லையும் முட்டை முகத்தையும் வைத்தால் அவர் என்ன செய்வார்? அதனால் மறுநாளிலிருந்து வேண்டுமென்றே உப்புப் போடாமல் சமைத்தேன். பலித்தது! தினமும் பலித்தது. புதுமை தட்டிலிருந்து அவர் வாய்க்கு மாறிக்கொண்டது. ஒரு நாள் "டேய் வாத்தி, உப்பு லீவுல போயிருக்கா?" என்பார். இன்னொரு நாள், "கடல் பக்கத்துலயே வேலை பாத்தவனுக்கு இந்தக் கதியா?" என்பார். பல் செட் திரும்பி வந்த பிறகு, "இந்த முட்டைக்கு அழவும் தெரியல, அழுதிருந்தாலாவது உப்பு வந்திருக்கும்" என்றார். ஒரு நாள் சொன்னதை மறுநாள் சொல்வதில்லை.

இதில் எனக்கு ஒரு தண்டனையும் உண்டு. கத்தியதும் நான் டப்பாவோடு போக வேண்டும். போனால், "நீயே தின்னு பாருடா, அப்பத் தெரியும்" என்று எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றச் சொல்வார். ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்தால் விடமாட்டார். "ஒரு வாய்ல என்ன தெரியும்? அடி வரைக்கும் போயிப் பாரு" என்பார். அடி வரைக்கும் போய்ப் பார்த்து, "ஆமாம் அண்ணா, உப்பு இல்லைதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவரும் கரண்டியை எடுப்பார். உப்பில்லாத கஞ்சியை முழுக் கிண்ணம் தின்பது எப்படி இருக்கும் என்று தாங்கள் ஒரு தடவை முயன்று பாருங்கள். இருந்தாலும் அண்ணனுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

நேற்று எடை பார்க்கப் போனோம். துணிமணிப் பையும் கையில் இருந்தது. அண்ணனின் சட்டைப் பை, பேன்ட் பை, காலுறை வரைக்கும் நானே சோதித்த பிறகுதான் ஏற்றினேன். முள் ஏறியிருந்தது. அதிகம் இல்லை, முள்ளின் அகலம் அளவுக்குத்தான். டாக்டரம்மா குனிந்து பார்த்து, "பையைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க சார்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆகவே தங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். காலை உணவு சலிக்காமல் இருக்க நிறமும் வேண்டாம், முகமும் வேண்டாம். தங்கள் பக்கத்தில் வரும் குறிப்புகளில் உப்பு என்ற வரியை இனிமேலும் மறுபக்கத்துக்கே தள்ளிவிடுங்கள். வீட்டில் ஓர் ஆள் போய், இன்னொரு ஆள் மட்டும் மேசையில் மிஞ்சியிருக்கிற வாசகர்கள் தங்களுக்கு நிறையப் பேர் இருப்பார்கள். உப்பைக் குறைத்தால் அவர்கள் வாய் திறக்கும். வாய் திறந்தால் சோறு உள்ளே போகும். இது நான் நேரில் செய்து பார்த்த சோதனை.

தங்கள் பேனாவும், தங்கள் அடுப்பும், தங்கள் மேசையைச் சுற்றியுள்ள எல்லா நாற்காலிகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பக்கத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிவிட்ட வாசகன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் அண்ணன் பிடுங்கிப் படித்துவிட்டார். விரலால் வரி வரியாக ஓட்டி, கிரேன் ஆள் கீழே பார்ப்பதுபோலக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் படித்தார். 'உப்பைக் குறைத்தால் அவர்கள் வாய் திறக்கும்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"தப்பு. அடிச்சிடு."

"என்ன தப்பு அண்ணா?"

"அவ போனதுலேர்ந்து எனக்கு நாக்குல உப்பும் தெரியல, இனிப்பும் தெரியலடா. நீ போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். அன்னைக்குக் கஞ்சியைப் பாத்ததும் பழக்கத்துல கத்திட்டேன். அவ்வளவுதான். நெசமாவே உப்பு இல்லைங்கறது நீ டப்பாவோட வந்து நின்னப்புறம்தான் எனக்கே தெரியும்."

"அப்ப எதுக்குச் சாப்பிட்டீங்க?"

அண்ணன் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "வாசப்படியில வந்து நின்னல்ல, அப்பப் பாத்தேன். ஒரு கையில டப்பா, ஒரு கையில பேன்ட்டு. பெல்ட்டுல பூரா ஓட்டை. எனக்கு ஆக்கிப் போடறேன் போடறேன்னு நீ ஒரு வேளை கூடத் தின்னதில்லைன்னு அப்பத்தான்டா உறைச்சுது. நான் கத்தினா நீ வந்து உக்காருவே. உக்காந்தா தின்ன வைக்கலாம். நீ அடி வரைக்கும் போனாத்தான் நானும் போவேன்னு வச்சேன். நீயும் போயிட்டா நான் யாருகிட்டடா கத்துறது?"

இது மேலே எழுதிய எல்லாவற்றையும் தப்பாக்கிவிட்டது. மாணவனுக்குச் சோதனை வைத்தேன் என்று நினைத்தேன், சோதனைக் குழாய்க்குள் நான்தான் இருந்திருக்கிறேன். தாளை மாற்றி எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. ஆகவே உப்பைப் பற்றி நான் கேட்டதைத் தயவுசெய்து அடித்துவிட்டு, வாசகர்களுக்கு இதை மட்டும் போடுங்கள்: நாளைக் காலையில் உப்பைச் சரியாகவே போடுங்கள். உங்களுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து, முதல் வாயை நீங்கள் சாப்பிடுங்கள்.